முடியும் முடிவும்

போன மாதம் நம் காரியாலயத்துக்கு வந்த தபாலில் ஆரணியிலிருந்து ஒரு கார்டு. தொடர்கதையில் வரும் கதாநாயகியை வாராவாரம் ஏன் இப்படி அழ வைக்கிறீர்கள் என்று முக்கால் கார்டுக்குத் திட்டியிருந்தார் ஒரு வாசகி. அது கதாசிரியர் பாடு, எனக்குச் சம்பந்தமில்லை. கடைசி நாலு வரிதான் எனக்கு.

"என் பெண் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பத்து நாளாக ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து தமிழ் வார்த்தைக்கு வர்ணம் அடிக்கிறாள். கேட்டால், எடிட்டருக்குத் தமிழ் தெரியவில்லை, சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறாள். எடிட்டர்களோடு பழகுகிறவர் நீங்கள். இது என்னவென்று ஒரு நடை வந்து பார்த்துச் சொல்லவும்."

கார்டு என் மேஜைக்கு வருவதற்குள் எங்கள் ஆசிரியர் கையில் சிக்கிவிட்டது. "எந்த எடிட்டருக்குத் தமிழ் தெரியவில்லையாம்?" என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். தெளிவாகத் தெரிந்துகொண்டு வரும்படி உத்தரவாயிற்று. அப்படித்தான் நான் ஆரணிக்குப் போக நேர்ந்தது. பட்டுப் புடைவை வாங்கத்தான் போனேன் என்று காரியாலயத்தில் சிலர் சொல்லிக்கொண்டிருப்பதை நம்பாதீர்கள்.

வேலூரில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். ஆரணி என்றதும் பட்டணத்துக்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும்: அரிசி மூட்டை ஒன்று, பட்டு ஒன்று. வழியில் அரிசி ஆலைகளைப் பார்த்தாயிற்று. கமண்டல நாக நதியையும் பார்த்தேன். நான் போன சமயம் அதில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நெசவாளர் தெருவில் திரும்பினால் வீட்டு நம்பரே தேட வேண்டாம். எந்த வாசலில் நின்றாலும் உள்ளேயிருந்து 'டக்-டடக்' என்று தறி கூப்பிடுகிறது.

கூடம் முழுவதையும் ஒரு குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் குழியில் காலை விட்டபடி மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடைவை நெய்துகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, உத்தரத்தை முட்டுகிற மாதிரி ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளை துளையாய்க் குத்திய அட்டைகள், ஒன்றோடொன்று கோத்து, மாலை மாதிரி தொங்கின. கார்டு எழுதிய அம்மாள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மூலையில், டிரங்குப் பெட்டியின்மேல் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, தலைகூடப் பின்னாமல் ஒரு பெண். நோயாளி அவள்தான்.

அந்த அட்டைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கிறது. ஒரு அட்டை என்பது புடைவையில் ஒரு ஊடை இழைக்கான உத்தரவு. துளை இருக்கிற இடத்தில் பெட்டியிலுள்ள கொக்கி மேலே தூக்கப்படும்; அதோடு கட்டிய பாவு இழையும் எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். மேலெழுந்த இழைக்கும் கீழே கிடக்கும் இழைக்கும் நடுவே நாடா ஓடிவிட்டால் ஒரு வரி ஆயிற்று. அட்டைகள் வரிசையாய் வந்து முடிந்தால் ஒரு மாங்காய். மறுபடியும் முதல் அட்டை. மறுபடியும் அதே மாங்காய். 1804-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய ஏற்பாடு இது. பட்டிலேயே அவருடைய உருவப்படத்தை நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் பிடித்தன. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் கற்பனை செய்த கணக்கு இயந்திரத்துக்கு இதே துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-ல் விரிவாகக் குறிப்பு எழுதி, கம்ப்யூட்டர் சரித்திரத்தின் முதல் பக்கத்தில் இடம் பிடித்தவர் ஒரு பெண்மணி, அடா லவ்லேஸ். ஆக, டிரங்குப் பெட்டி மேலிருந்த லாப்டாப்புக்கு உத்தரத்திலிருந்த பெட்டி தூரத்துப் பாட்டி முறை.

"நீதான் எடிட்டருக்குப் பாடம் சொல்கிறவளா?" என்றேன்.

"அய்யோ, அம்மா உங்களுக்கே எழுதிட்டாங்களா?" என்று சிரித்தாள். "அது ஆளு இல்லைக்கா. கோட் எழுதுற நோட்டு."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் உத்தரவுகளின் வரிசைக்கு நிரல் என்று பெயர். அதைச் சாதாரணத் தாளில் எழுதுவது போல எழுதலாம். ஆனால் நூறு வரி, ஆயிரம் வரி போகும்போது கண் தப்பிவிடும். அதற்காக உள்ள சாதனம்தான் எடிட்டர். உத்தரவுச் சொல்லை ஒரு நிறத்திலும், மேற்கோளுக்குள் இருக்கிற வாசகத்தை இன்னொரு நிறத்திலும் காட்டும். அடைப்புக்குறியைத் திறந்தால் மூடுவதற்கும் தானே ஒன்று போட்டு வைக்கும். பாதிச் சொல் எழுதும்போதே மீதியை எடுத்துக் கொடுக்கும்.

"அழகுக்கு இல்லைக்கா. மேற்கோள் குறியை மூட மறந்துட்டா, அதுக்குக் கீழே பூரா ஒரே கலராயிடும். பாத்த உடனே தெரிஞ்சுடும்" என்றாள் பெண்.

கிராப் தாளில் கட்டம் கட்டமாய் வர்ணம் தீட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அட்டையில் துளை குத்துகிறார்களே, அந்த மாதிரி. தப்பு தாளிலேயே கண்ணில் பட்டால் ரப்பர் போதும். தறிக்குப் போன பிறகு பட்டால் பட்டும் ஜரிகையும் நஷ்டம்.

பெயர் பெற்ற மொழிகளுக்கெல்லாம் இந்த உபசாரத்தை எடிட்டர்கள் தாமாகவே செய்கின்றன. புதிதாக ஒரு மொழி வந்தால் அவற்றுக்குத் தெரியாது. யாராவது விதி எழுதிச் சேர்க்கவேண்டும். இந்தப் பெண் சேர்த்துக்கொண்டிருந்தது 'எழில்' என்கிற மொழியை. முத்து அண்ணாமலை என்ற பொறியாளர், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளட்டும் என்று உருவாக்கியது. 2009-ல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டிருக்கிறார். ஸ்கிரிப்ட் வகை மொழி; எழுதின கையோடு ஓட்டிப் பார்க்கலாம். இதோ, எனக்கு அவள் எழுதிக் காட்டிய ஆறு வரி:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    முடிவு = "தேர்ச்சி"
இல்லை
    முடிவு = "மறுபடி படி"
முடி
பதிப்பி முடிவு

படித்தீர்களா? கம்ப்யூட்டர் வாசனையே இல்லாத எனக்குப் புரிந்துவிட்டது! 'மதிப்பெண் 35-க்குக் குறையாமல் ஆனால்' என்று நிபந்தனை முன்னாலும் 'ஆனால்' பின்னாலும் வருகிறது பாருங்கள். நாம் வீட்டில் பேசுகிற வரிசை அது. இங்கிலீஷில் இது தலைகீழ். 'முடி' என்பது தலைமுடி அல்ல. 'இத்துடன் முடித்துக்கொள்' என்ற உத்தரவு. 'முடிவு' என்பது உத்தரவு அல்ல. விடையைப் போட்டு வைக்க அவளாக வைத்துக்கொண்ட டப்பாவின் பெயர். இந்த இரண்டு சொல்லையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, உங்களுக்கும் இருக்கும். தமிழில் நிரல் எழுதி எந்தக் கம்பெனியில் உத்தியோகம் கிடைக்கும்? கேட்டே விட்டேன்.

"கிடைக்காதுக்கா. வேலைக்கு நான் இங்கிலீஷ் மொழிதான் படிக்கிறேன். இது பிள்ளைங்களுக்கு. ஏழாம் கிளாஸ் பையன் 'இப்படி இருந்தா இதைச் செய், இல்லாட்டி அதைச் செய்'னு யோசிக்கக் கத்துக்கணும். அதுவும் புதுசு, இங்கிலீஷும் புதுசுன்னா ரெண்டையும் சேத்து விட்டுடுறான். யோசிக்கிறது வந்துட்டா, பின்னாடி எந்த மொழியில எழுதினா என்ன?"

ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எடிட்டருக்காகப் பத்து ராத்திரி முழித்திருப்பது அதிகப்படி என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அதற்குப் பதிலை அவள் சொல்லவில்லை. ராட்டையை நிறுத்திவிட்டு அம்மாள்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் இந்த வீட்டுத் திண்ணைக்கு வருவார்களாம். எழில் மொழிக்கென்று இவளே ஒரு விதித் தாள் எழுதி எடிட்டரில் சேர்த்துவிட்டு, பிள்ளைகளை உட்கார வைத்தாள். அதில் ஒரு பையன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, அரசாங்கப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. மேலே காட்டினேனே, கிட்டத்தட்ட அதே ஆறு வரியைத் தானாகவே எழுதினான். 'முடிவு' என்று அடித்ததும் எடிட்டர் அதில் 'முடி'யை மட்டும் சிவப்பாக்கிவிட்டு 'வு'வைக் கறுப்பாக விட்டது. போதாததற்கு, வரியைப் பிடித்து இடது பக்கம் இழுத்துவிட்டது. பையன் திரும்ப அடித்தான், திரும்பவும் அதே. 'முடுவு' என்று மாற்றிப் பார்த்தான். 'முடிவூ' என்று மாற்றிப் பார்த்தான். கடைசி வரியில் உண்மையான 'முடி' வந்தது. அதற்கு நிறமே இல்லை!

"எனக்குத் தமிழே சரியா எழுத வரலைக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன், அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

அவன் எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். அதுவரை வாய் திறக்காதவர். "அட்டையில தப்பு இருந்தா தறியில இருக்கிறவன் கையைத்தாம்மா பாப்பாங்க" என்றார். ஒரு துளை மாறினால் மாங்காய்க்கு மாங்காய் அதே இடத்தில் அதே தழும்பு விழுந்துகொண்டே வரும். அட்டையை யார் பார்க்கிறார்கள்? நெய்தவன் கவனமில்லாதவன் என்று கூலியில் பிடிப்பு. அவருக்கு அப்படி ஒரு தடவை ஆகியிருக்கிறது. எந்த வருஷம், எந்தப் புடைவை என்று நிறம் உட்படச் சொன்னார். ஆனால் யார் பிடித்தார்கள் என்று சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த அட்டையை எழுதினது நான்தானே" என்றாள்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் பத்து ராத்திரி. கண்டுபிடித்தது வெகு வேடிக்கையான விஷயம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கோலத்தில் புள்ளி எண்ணுகிற பொறுமை போதும்.

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஐந்து என்னும்: 'த', 'ம', அதன்மேல் கொக்கி, 'ழ', அதன்மேல் புள்ளி. யூனிகோடு என்கிற உலகப் பொது எழுத்து முறையில் உயிர்மெய் எழுத்தை இப்படிப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சந்தேகமாயிருந்தால் கைப்பேசியில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு, அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தடவை தட்டிப் பாருங்கள். பல கைப்பேசிகளில் 'ழ்' முழுவதும் போகாது. புள்ளி மட்டும் போய் 'தமிழ' என்று நிற்கும்.

இதனால் குடி முழுகிவிடாது. சொல்லின் எல்லையை இயந்திரம் கண்டுபிடிக்கிற முறையில்தான் வினை. 'எழுத்து இருக்கிறது, பக்கத்தில் எழுத்து இல்லாத ஏதோ இருக்கிறது' என்றால் அங்கே ஒரு வேலி என்று அது நினைத்துக்கொள்ளும். இங்கிலீஷுக்கு இது சரி. 'எண்ட்' என்பது உத்தரவுச் சொல். 'எண்ட்லெஸ்' என்று எழுதினால் நடுவில் வேலி இல்லை, ஆகவே அதைத் தொடாது. ஆனால் தமிழில் கொக்கி, கொம்பு, கால், புள்ளி இவையெல்லாம் அந்த விதியின் கணக்கில் எழுத்தே அல்ல!

இப்போது 'முடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருப்பது 'ட'வின் மேலுள்ள கொக்கி, அது எழுத்தல்ல. அதற்குப் பிறகு வெற்றிடம், அதுவும் எழுத்தல்ல. எழுத்தல்லாததற்குப் பக்கத்தில் எழுத்தல்லாதது, எனவே வேலி இல்லை. சொல் இன்னும் முடியவில்லை என்று இயந்திரம் விட்டுவிடுகிறது. 'முடிவு' என்று எழுதினாலோ, கொக்கிக்கு அடுத்தாற்போல் 'வ' என்ற எழுத்து வந்துவிட்டது. ஆஹா, வேலி! 'முடி' என்ற சொல் இங்கே முடிந்தது என்று சிவப்பு அடித்துவிடுகிறது. நிஜமான 'முடி'யைக் காணாமல் விடுகிறது. 'முடிவு'க்குள் இல்லாத 'முடி'யைக் கண்டுபிடிக்கிறது. எங்கள் புரூப் திருத்துகிறவர்கள்கூட இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழாய்ச் செய்ததில்லை.

இவள் எடிட்டர் ஒன்றுக்கு மட்டும் உள்ள கோளாறு என்று எண்ணவேண்டாம். பைதான் என்ற பிரபல மொழி, 2008-ல் வந்த தன் மூன்றாம் பதிப்பில் டப்பாக்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க இடம் கொடுத்தது. அதே மொழியோடு கூடவே வரும் சொல் தேடும் கருவி, கொக்கியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை! வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்று, பந்தியில் இலை போடாமல் விட்ட கதை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கொக்கி, கொம்பு இல்லாத மொழிக்காரர்கள் எழுதிய விதி. அவர்களுக்கு இடறவில்லை, அதனால் தெரியவில்லை.

பரிகாரம் என்ன? அகப்பட்ட வேலியை நம்பாமல் இவளே வேலி கட்டினாள். யூனிகோடில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுத்து, குறி எல்லாம் அதற்குள் அடக்கம். "'முடி'க்கு முன்னாலும் பின்னாலும் அந்த 128 இடத்தைச் சேர்ந்த எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, அப்போதுதான் அது உத்தரவு" என்று விதியை மாற்றி எழுதினாள். 'ஆனால்', 'இல்லை', 'ஆக', 'வரை' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அதே வேலி. பிறகு இன்னொரு வம்பு முளைத்தது. மேற்கோளுக்குள் "நான் வந்தேன் ஆனால் நீ இல்லை" என்று எழுதினால், அது வெறும் பேச்சு. அதில் 'ஆனால்' சிவக்கக் கூடாது. ஆகவே மேற்கோள் விதியை முதலில் பார், சொல் விதியை அப்புறம் பார் என்று வரிசை போட்டாள். 'ஆனால்' வந்தால் அடுத்த வரியை உள்ளே தள்ளு, 'முடி' வந்தால் வெளியே இழு என்பதற்கும் புது வேலி போட்டாள். இத்தனையும் சேர்த்து இரண்டு பக்கத் தாள்தான். பத்து ராத்திரியில் ஒன்பது, தப்பைத் தேடியதற்கே சரியாய்ப் போயிற்று.

இத்துடன் வேலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். நிறம் அடிப்பது வாசல் தெளிக்கிற மாதிரி. சமையல் இன்னும் பாக்கி. பாதிச் சொல்லை எடுத்துக் கொடுப்பது, 'இந்த டப்பாவில் நீ இன்னும் ஒன்றுமே போடவில்லையே' என்று எச்சரிப்பது, இதற்கெல்லாம் எடிட்டருக்கு நிரலின் பொருள் தெரியவேண்டும். முன்பு ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியைத் தனித்தனியே சொல்லித் தருவார்கள். பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு தடவை! 2016-ல் மைக்ரோசாப்ட், ரெட் ஹாட், கோடென்வி என்ற கம்பெனிகள் சேர்ந்து 'லாங்வேஜ் சர்வர் புரோட்டகால்' என்று ஒரு பொதுப் பேச்சு முறையை அறிவித்தன. ஒரு மொழிக்கு ஒரு துபாஷி எழுதினால் போதும். அந்தப் பொதுப் பேச்சு தெரிந்த எல்லா எடிட்டரும் அவனிடம் கேட்டுக்கொள்ளும். நூறு வேலை இருபதாயிற்று. எழிலுக்கு ஒரு துபாஷி எழுதவேண்டும் என்று இவளுக்கு ஆசை. மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. பரீட்சை முடியட்டும் என்கிறார் அம்மா. அம்மா கட்சிதான் நானும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் தட்டியது. அம்மாள் முன்தினம் தண்ணீர்க் குழாயடியில் பையனின் தாயாரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தப் பையன்தான். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாடா, உக்காரு. அன்னைக்கு எழுதினதையே எழுது" என்றாள் இவள்.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாய் அடித்தான். 'முடிவு' வந்தது. விரலை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுச் சொல்லும் கறுப்பு, வரி நகரவில்லை. கடைசியில் 'முடி' அடித்தான். சிவந்து, இடது பக்கம் போய் ஒழுங்காய் உட்கார்ந்தது. ஓட்டினான். 'தேர்ச்சி' என்று விழுந்தது.

"அக்கா, அப்ப அன்னைக்கு நான் எழுதினதும் சரிதானா?"

"சரிதான்டா. நான் எழுதினதுதான் தப்பு."

பையன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு 35-ஐ அழித்துவிட்டு 90 என்று போட்டான். மறுபடி ஓட்டினான். 'மறுபடி படி' என்று வந்தது. அதற்கு அவன் சிரித்த சிரிப்பில் தறிச் சத்தமே கேட்கவில்லை.

எங்கள் ஆசிரியருக்குச் சேதி சொல்லியாயிற்று: தமிழ் தெரியாத எடிட்டர் அவர் அல்ல. புடைவை வாங்கினேனா என்று கேட்பவர்களுக்கு: மயில் கழுத்து நிறத்தில் ஒன்று தறியில் இருக்கிறது, இன்னும் இறக்கவில்லை. புறப்படும்போது அம்மாள் தெருமுனை வரை வந்து, "அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கதையில அந்தப் பொண்ணு அழுறதை எப்ப நிறுத்தப்போறீங்க?" என்று கேட்டார். முடிவு என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.